ஃப்ளோமில் ஒன்பது மணி நேரம்: கப்பலிலிருந்து இறங்கி எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜூன் மாதம் நார்வே குரூஸ் போகிறோம். கப்பல் ஃப்ளோமில் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கும். கூட வருவது எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, ஒன்பது வயது மகள். கப்பலில் விற்கும் கரைச் சுற்றுலாவின் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஃப்ளோமிலிருந்து மலை மேலே ஏறும் ரயிலில் மட்டும் போய்வந்தால் போதுமா? நாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாமா?

பதில்: ரயில் மட்டும் போதாது. அது நல்ல பயணம்தான். ஆனால் ஃப்ளோமில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ரயில் நிலையத்துக்குப் போய், மேலே ஏறி, அதே தண்டவாளத்தில் கீழே வந்து, ஒரு சாவிக்கொத்தும் கம்பளித் தொப்பியும் வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரமோ பணமோ இருக்கிறது என்றால் நேரோய் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்கழி) போகும் படகை எடுங்கள். ரயிலுக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

நீங்களே ஏற்பாடு செய்வதில் ஒரு சிக்கலும் இல்லை. அதற்கு ஃப்ளோம் போல வசதியான கப்பல் ஊர் நார்வேயில் குறைவு. கப்பலைத் துறைமேடையில் கட்டினால் ரயில் நிலையம், சுற்றுலாப் படகுத்துறை, பேருந்து நிற்குமிடம் எல்லாமே சில நிமிட நடையில். (எழுத்தைப் பார்த்து 'ஃப்ளாம்' என்று படிப்பவர்கள் உண்டு. தலையில் சிறு வட்டம் போட்ட அந்த எழுத்துக்கு 'ஓ' என்ற ஒலி. ரயில் அறிவிப்பில் 'ஃப்ளோம்' என்றுதான் காதில் விழும்.)

முதலில் இடத்தின் அமைப்பு புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. சோங்னெ ஃபியோர்டு கடலிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. ஆழம் மிகுந்த இடத்தில் 1,300 மீட்டர். ஃபியோர்டுக்குத் தமிழில் நுழைகழி என்று ஒரு சொல் உண்டு. இந்த அமைப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். இதிலிருந்து தெற்கே 29 கி.மீ. நீளத்துக்கு ஒரு கிளை பிரிகிறது, அதுதான் அவுர்லாண்ட் ஃபியோர்டு. அதன் நுனியில் சில நூறு பேர் வாழும் ஊர் ஃப்ளோம். அவுர்லாண்டுக்குள் நுழைந்து சற்றுத் தூரம் வந்ததும், பைட்டலன் என்ற பாறை முனையில் மேற்கே இன்னொரு கிளை திரும்புகிறது. 17 கி.மீ. நீளம், குறுகலான இடத்தில் 250 மீட்டர்தான் அகலம். இதுதான் நேரோய். 2005-ல் கெய்ராங்கர் ஃபியோர்டோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உங்கள் கப்பல் அவுர்லாண்ட் வழியாக ஃப்ளோமுக்கு வந்து நிற்கும். நேரோய்க்குள் போகாது. படகை முதலில் வைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், அவுர்லாண்டைப் பார்க்க நீங்கள் தனியாக ஒரு காசும் தர வேண்டாம். காலை 8-க்குத் துறையில் கட்ட வேண்டுமானால், 6 மணி வாக்கில் கப்பல் இந்தக் கிளைக்குள் வந்துகொண்டிருக்கும். ஜூனில் அந்நேரம் பளிச்சென்று விடிந்திருக்கும். பலர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் பஃபே வரிசையில் இருப்பார்கள். மேல்தளத்தின் முன்பக்கம் காலியாகக் கிடக்கும். ஃப்ளோமுக்குக் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு மணி நேரத்திலேயே திரும்பிவிடும். அப்பா, அம்மாவை எழுப்பிக் கூட்டிப் போங்கள்.

அங்கே நிற்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அருவிகள் மலையடிவாரத்தில் தொடங்காமல், நடு உயரத்தில் ஒரு விளிம்பிலிருந்து குதிக்கும். பனியுகத்தில் பெரிய பனியாறு முதன்மைப் பள்ளத்தை ஆழமாகக் குடைந்தது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிறு பனியாறுகளுக்கு அவ்வளவு கனமில்லை, அவற்றின் பள்ளத்தாக்குகள் மேலேயே தொங்கிப் போயின. பனி உருகிய பின், தொங்கும் பள்ளத்தாக்கின் ஓடைக்குக் குதிப்பதைத் தவிர வழியில்லை. கரையோரத்திலேயே நல்ல ஆழம் இருப்பதும், அடுக்குமாடிக் கட்டடம் போன்ற கப்பல் இவ்வளவு சின்ன ஊரின் வாசலில் வந்து நிற்க முடிவதும் இதே குடைச்சலால்தான். நீர் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், பனியாறு அரைத்த பாறைமாவு ஆற்றுநீரோடு வந்து கலப்பது.

இனி நேரக் கணக்கு. இதை மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் ஏறக் கடைசி நேரம் பெரும்பாலும் 4:30. உங்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு மணி நேரம் கையில் இருக்கட்டும். ஆக எல்லாமே 3:30-க்குள் முடிய வேண்டும். காலையில் 8 மணிக்குக் கட்டினாலும், அனுமதி கிடைத்துப் படிப்பாலம் திறந்து, கூட்டத்தோடு இறங்கிக் கீழே நிற்கும்போது 8:30 ஆகலாம். முதல் டிக்கெட்டை 9 மணிக்கு முன்னால் போடாதீர்கள். மீதி ஆறரை மணி நேரம். படகும் பேருந்தும் சேர்ந்து காத்திருப்போடு மூன்று மணி நேரம். ரயில் போய்வர இரண்டு. நடுவில் சாப்பாடு. இரண்டும் பொருந்தும், மூன்றாவதாக எதையாவது திணித்தால் பொருந்தாது.

கப்பலின் கடிகாரத்தையும் பாருங்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பும் கப்பல்கள் சில நேரம் தங்கள் நேரத்தையே வைத்துக்கொள்ளும். நார்வே நேரம் அதைவிட ஒரு மணி முன்னே. கைப்பேசி கரையின் சிக்னலைப் பிடித்துத் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. குடும்பத்தில் இரண்டு பேர் இரண்டு நேரம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ரயிலும் படகும் ஓடுவது உள்ளூர் நேரப்படி, கப்பல் கிளம்புவது கப்பல் நேரப்படி. முந்தைய இரவு அறைக்கு வரும் தாளில் இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

படகுக்கு வருவோம். ஃப்ளோமுக்கும் நேரோயின் உள்முனையில் இருக்கும் குட்வாங்கனுக்கும் இடையே படகு ஓடுகிறது. ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மறுவழிக்குப் பேருந்து, சுரங்கச் சாலை வழியாக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டையும் சேர்த்தே டிக்கெட் கிடைக்கும். பலரும் படகில் போய்ப் பேருந்தில் திரும்புகிறார்கள். கப்பல் பயணிகள் இதைத் திருப்பிப் போடுவது நல்லது: காலையில் பேருந்தில் குட்வாங்கன், அங்கிருந்து படகில் ஃப்ளோம்.

ஏன் என்றால், வழியில் இரண்டு சுரங்கங்கள் இருக்கின்றன. ஒன்று 5 கி.மீ., இன்னொன்று 11 கி.மீ.க்கு மேல். பெரிய சுரங்கத்தில் 2013-லும் 2015-லும் வாகனங்கள் தீப்பிடித்து, சாலையே மூடப்பட்டது. அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு லாரி பழுதாகி நின்றாலும், பராமரிப்பு வேலை நடந்தாலும் வண்டிகள் காத்திருக்க வேண்டும். மாற்றுச்சாலை என்றால் மலைகளைச் சுற்றிப் பல மணி நேரம். காலை 9 மணிக்கு இது நடந்தால் நீங்கள் இழப்பது ஒரு படகுப் பயணம். பிற்பகல் 3 மணிக்கு நடந்தால் கப்பலையே விட்டுவிடுவீர்கள். சுரங்கத்தைக் காலையிலேயே கடந்துவிட்டால், கடைசிக் கட்டம் உங்களைக் கப்பலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. குறுகலான நேரோய் முதலில் வந்துவிடும். எல்லோரும் களைத்து உள்ளே போய் உட்காரும்போது, காலையில் ஏற்கெனவே பார்த்த அவுர்லாண்ட் வரும்.

இந்தத் தடத்தில் ஓடும் 'ஃபியூச்சர் ஆஃப் த ஃபியோர்ட்ஸ்' 2018-ல் வந்த முழு மின்சாரப் படகு. 42 மீட்டர் நீளம், கார்பன் இழை உடல், 400 பேர் ஏறலாம். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் அருவிச் சத்தம் காதில் விழும். வெளிப்புறத்தில் மலைப்பாதை போல வளைந்து ஏறும் சரிவு நடைபாதை இருக்கிறது. படிக்கட்டில் ஏற முடியாதவர்களும் அதில் மெல்ல மேலே போகலாம். உங்கள் பெற்றோருக்கு இது முக்கியம். இவ்வளவு பெரிய பேட்டரியை வேகமாக நிரப்ப குட்வாங்கன் ஊரின் மின்கம்பிக்குத் தெம்பு போதாது. அதனால் படகுத்துறையிலேயே ஒரு மிதவையில் 2.4 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரியை வைத்து, நாள் முழுக்க மெதுவாக மின்சாரத்தைச் சேர்த்து, படகு வந்ததும் இருபது நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். மரபுரிமை ஃபியோர்டுகளில் 10,000 மொத்த டன்னுக்குக் குறைவான பயணிகள் கப்பல்கள் 2026 ஜனவரி முதல் புகை வெளியிடாமல்தான் ஓட வேண்டும் என்று நார்வே விதித்திருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம்.

படகில் எந்தப் பக்கம் நல்லது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். 250 மீட்டர் அகலத்தில் இரண்டு கரையும் கிட்டத்தில்தான். முன்தளத்தில் காற்றுக்கு மறைவான மூலை ஒன்றைப் பிடித்தால் போதும். பாறை விளிம்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பண்ணைவீடுகளைப் பாருங்கள். வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்களாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு கதை வரும். நார்வேயில் ஃபியோர்டுக்கு ஒரு பண்ணையாவது இந்தக் கதையோடு இருக்கிறது. அவுர்லாண்டின் மேலே உள்ள ஒரு பண்ணைக்குப் பெயரே 'ஸ்டீகன்', அதாவது ஏணி.

அடுத்து ரயில். ஃப்ளோமில் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 20 கி.மீ. தூரத்தில் 866 மீட்டர் உயரத்திலுள்ள மீர்டாலுக்கு ஏறுகிறது. பாதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு 18-க்கு 1 என்ற ஏற்றம். அதுவும் பல்சக்கரம் இல்லாத சாதாரணத் தண்டவாளத்தில். 1924-ல் வேலை தொடங்கி 1940-ல் ஓடத் தொடங்கியது. 20 சுரங்கங்களில் 18-ஐக் கையால் குடைந்தார்கள். பாதை பள்ளத்தாக்கை மூன்று முறை கடக்கிறது. ஆனால் பாலமே கிடையாது. பாலம் கட்டுவதற்குப் பதில், ஆற்றை ஒதுக்கித் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி விட்டுவிட்டார்கள்.

ரயிலில் சன்னலுக்காகச் சண்டை வேண்டாம். பள்ளத்தாக்கு ஒரு முறை இடப்பக்கம் தெரியும், சுரங்கத்துக்குள் போய் வந்தால் வலப்பக்கம் மாறியிருக்கும். ஏறும்போது ஒரு பக்கம் உட்கார்ந்தால் இறங்கும்போது மறுபக்கம் உட்காருங்கள். மொத்தத்தில் 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம் சுரங்க இருட்டுதான். வழியில் ஷோஸ் அருவிக்கு எதிரே சில நிமிடம் நிறுத்துவார்கள். சாரல் நடைமேடை முழுக்கத் தெறித்து, பலகை வழுக்கும். அப்பா, அம்மா கைப்பிடி ஓரமாகவே நிற்கட்டும். கண்ணாடி அணிபவர்கள் துடைக்கத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே பாட்டு ஒலிக்க, பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் ஆடுவாள். ஹுல்ட்ரா என்ற நாட்டுப்புறக் கதைகளின் காட்டு மோகினி அவள். பசுவின் வால் உண்டு என்பார்கள். ஓரிடத்தில் மறைந்து அடுத்த நொடியே வேறிடத்தில் எப்படித் தோன்றுகிறாள் என்பதற்கு விடை, ஆடுபவர் ஒருவர் அல்ல என்பதுதான். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

மீர்டாலில் ஊர் கிடையாது, கார் வரும் சாலையும் கிடையாது. பெர்கன், ஆஸ்லோ ரயில்பாதையில் இருக்கும் ஒரு சந்திப்பு நிலையம், அவ்வளவே. வந்த ரயிலே கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கும். 'சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் வரலாம்' என்று இறங்கி நின்றுவிட்டால், அடுத்ததில் இடம் இல்லாமல் போகலாம். டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்குரியது. பெரிய கப்பல் நிற்கும் நாள்களில் காலை வண்டிகள் பல வாரங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். காரணம் எளிது: கப்பல் நிறுவனங்களே இருக்கைகளை மொத்தமாக எடுத்துவைத்துவிடுகின்றன. காலையில் படகு, பிற்பகல் 1 மணி வாக்கில் ரயில் என்று வைத்தால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும்.

கால் பலமுள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு, உங்கள் குடும்பத்துக்கு அல்ல. மேலே ரயிலில் போய், கீழே சைக்கிளில் இறங்குவது. பெர்கன் ரயில்பாதை போடக் கட்டிய பழைய வேலைச்சாலை அது. மீர்டாலுக்குக் கீழே 21 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் உதிரிச் சரளை. அங்கே பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும், சரளையில் முன்சக்கரம் வழுக்கும். அந்த வளைவுகளை உருட்டிக்கொண்டே நடந்து கடந்துவிட்டு, பிறகு ஏறி ஓட்டுவதுதான் முறை. பெர்கன் பாதையின் உயரப் பகுதியில் ஜூனிலும் பனி கிடக்கலாம். ஏறுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டேகஸ்டைன் காட்சிமுனையும் உங்கள் பட்டியலில் வந்திருக்கும். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலைச்சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டி, நுனியில் சட்டென்று கீழே மடிந்துபோகும் மரப்பாலம். 4 மீட்டர் அகலம். நுனியில் கண்ணாடி மட்டுமே தடுப்பு. தரை சமமாக இருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாதியில் நின்றாலே அதே காட்சி கிடைக்கும். அங்குள்ள கழிப்பறைக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர், அதற்காகவே வரிசை நிற்கும். ஃப்ளோமிலிருந்து பேருந்தில் போய்வர ஒன்றரை மணி நேரம். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்கள் முன்னிருக்கையில் உட்காரட்டும். இதில் நம்ப முடியாதது வானிலைதான். மேகம் 500 மீட்டரில் நின்றால், மேலே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். படகும் ரயிலின் கீழ்ப்பாதியும் மேகத்துக்குக் கீழே இருப்பதால் மழையிலும் தோற்காது. அருவிகளுக்கு மழைநாள்தான் திருநாள்.

இப்போது யாரும் கேட்காத பகுதி, நாட்டுப்புறம். ஃப்ளோமுக்கும் அவுர்லாண்ட்ஸ்வாங்கன் ஊருக்கும் நடுவே, சாலைக்கு மேலே ஓட்டர்னெஸ் என்ற பழைய பண்ணைத்தொகுதி இருக்கிறது. 27 மரக்கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மேற்கு நார்வேயின் குடியானவர்கள் முன்பு இப்படிக் கூட்டமாகத்தான் வாழ்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலங்களை மறுபங்கீடு செய்தபோது பெரும்பாலான தொகுதிகள் கலைந்து, வீடுகள் வயலுக்கு ஒன்றாகச் சிதறின. இங்கே கலையவில்லை. கப்பலில் விற்கும் சில சுற்றுலாக்களில் இதைச் சேர்த்திருப்பார்கள். அப்படி ஒன்று பட்டியலில் இருந்தால், கப்பல் சுற்றுலாக்களில் விலைக்குத் தகுந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அங்கே ஒரு தானியக் களஞ்சியத்தின் அடியைக் குனிந்து பாருங்கள். கட்டடம் தரையைத் தொடாது. குட்டைத் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கும். தூண் தலைக்கும் தளத்துக்கும் நடுவே, தூணைவிட அகலமான தட்டைக்கல் ஒன்று நாலாபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூணில் ஏறும் எலி கல்லின் அடியில் முட்டி நின்றுவிடும், தலைகீழாக அதைச் சுற்றி ஏற முடியாது. வாசற்படியையும் கட்டடத்தோடு சேர்க்காமல் ஒரு சாண் தள்ளியே வைப்பார்கள், அதுவும் எலிக்காகத்தான். கூரையில் புல் முளைத்திருப்பதைப் படமெடுக்காதவர்கள் இல்லை. ஆனால் மழையைத் தடுப்பது புல் அல்ல. அடியில் பல அடுக்காகப் பரப்பிய பிர்ச் மரப் பட்டைதான் நீரைத் தடுக்கிறது. மேலே போட்ட மண்ணும் புல்லும் பட்டை சுருண்டுகொள்ளாமல் அழுத்திப் பிடிக்கும் கனம், குளிருக்குப் போர்வை. சாலையோர வயல்களில் பெரிய வெள்ளை உருண்டைகள் கிடப்பதைப் பார்த்து மகள் கேட்பாள். ஈரப்புல்லை வெட்டிக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிப் புளிக்கவைத்த குளிர்காலத் தீவனம் அது. இந்த மழையில் வைக்கோல்போல் காயவைப்பது முடியாத காரியம். நார்வேக்காரர்கள் இதை டிராக்டர் முட்டை என்பார்கள்.

உன்ட்ரெடால் என்ற ஊர் இதே ஃபியோர்டின் எதிர்க்கரையில் இருக்கிறது. 1988 வரை அங்கே சாலை கிடையாது, படகுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டு மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, நாற்பது பேர் உட்காரலாம். ஊரின் புகழ் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. அதில் பழுப்பு நிறமானதைக் கட்டாயம் ருசியுங்கள். பாலைத் திரித்து வெள்ளைக்கட்டியை எடுத்த பின் நிற்கும் தண்ணீரை, பாலோ பாலேடோ சேர்த்து, மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். பாலின் சர்க்கரை கருகுமுன் நிற்கும் பதத்தில் பழுப்பாகும். இறக்கியதும் கிளறிக்கொண்டே ஆறவிட வேண்டும். விட்டால் சர்க்கரை மணலாகி நறநறக்கும். திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்பும், லேசான ஆட்டுவாடையும் சேர்த்தால் எப்படியோ அப்படி. மெல்லிய சீவலாகச் சீவி, இதய வடிவ வாஃபிள் மேல் வைத்துத் தருவார்கள். கண்டிப்பான சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: வாஃபிளில் முட்டை உண்டு. பால் திரிக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

காசே செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. ஆற்றோரச் சாலையில் மேலே 3 கி.மீ. நடந்தால் பழைய ஃப்ளோம் வரும். துறைமுகப் பக்கம் பார்ப்பது பெரும்பாலும் கடைகளே, ஊரும் வயலும் இங்கேதான். 1667-ல் கட்டிய கரும்பழுப்பு மரத் தேவாலயம் அங்கே நிற்கிறது. ஏற்றம் அதிகமில்லை. அப்பா, அம்மாவுக்கு முழுத்தூரம் வேண்டாம், முதல் கிலோமீட்டரிலேயே கடைச்சத்தம் போய் ஆட்டுமணி கேட்கும். எதிரே பிரெக்கே அருவிக்குக் கற்படி ஏறும் பாதை செங்குத்து, முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆகாது.

கப்பல் விற்கும் சுற்றுலாவை எப்போது வாங்கலாம்? அதன் உண்மையான மதிப்பு இரண்டு. ஒன்று, அந்தக் குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. இரண்டு, காற்றால் கப்பல் ஃப்ளோமுக்கு வராமல் போனால் பணம் திரும்பிவிடும். நீங்கள் தனியாக வாங்கிய டிக்கெட்டுக்கு அதன் விதிதான். ரத்து விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஒரே நாளில் இரண்டு பெரிய கப்பல்கள் வந்தால் ஒன்று நடுநீரில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். அப்போது கப்பல் சுற்றுலாக்காரர்கள் முதலில் இறங்குவார்கள், மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருப்பார்கள், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். உங்கள் கப்பலின் அட்டவணையில் ஃப்ளோமுக்குப் பக்கத்தில் நங்கூரக் குறி இருந்தால், முதல் டிக்கெட்டை 10 மணிக்குத் தள்ளுங்கள். மீர்டால் வழியாக வோஸ் ஊருக்குப் போய் ஸ்டால்ஹைம் வழியாகத் திரும்பும் நீண்ட வட்டப்பயணம் மட்டும் கப்பல் ஏற்பாட்டில் போகத் தக்கது. இரண்டு ரயில், ஒரு பேருந்து என்று மாற வேண்டும், ஒன்று தவறினால் எல்லாம் தவறும். அதில் 13 வளைவுகள் கொண்ட பழைய ஸ்டால்ஹைம் மலைச்சாலை வரும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அந்தச் சாலையை இப்போது வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள்.

உடை. ஜூனில் ஃப்ளோமில் 15 டிகிரி என்றால் மீர்டாலில் 9 அல்லது 10. உயரம் மட்டுமே ஐந்தாறு டிகிரியைத் தின்றுவிடும். படகின் மேல்தளத்தில் காற்று இன்னும் கடிக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. குடை படகில் உதவாது, தொப்பி உள்ள ஜாக்கெட்தான். காதுமூடும் குல்லாவும் கையுறையும் ஜூனில் வேடிக்கையாகத் தோன்றும், அம்மாதான் முதலில் கேட்பார்.

பணம் மாற்ற வேண்டாம், காபிக்கும் கழிப்பறைக்கும் கார்டே போதும், ஆனால் பின் எண் தெரிந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஆம்புலன்ஸ் எண் 113. மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் வரிசையில் நிற்பதைவிடக் கப்பலுக்கே போய்விடுங்கள். ஐந்து நிமிடம்தான், ஏற்கெனவே பணம் கட்டிய சாப்பாடு, சைவமும் இருக்கும், பெற்றோர் கொஞ்சம் கால் நீட்டலாம். திரும்ப இறங்கும்போது கப்பல் அட்டையோடு அடையாள ஆவணமும் கையில் இருக்கட்டும். பஃபே உணவைக் கரைக்கு எடுத்துப் போகப் பல கப்பல்கள் விடாது, உறையிட்ட பிஸ்கட்டுக்குத் தடை இருக்காது.

ஆகவே உங்கள் நாள் இப்படி: 6 மணிக்கு மேல்தளம். 9-ஐ ஒட்டிய பேருந்தில் குட்வாங்கன், அங்கிருந்து படகில் நண்பகலுக்குள் ஃப்ளோம். கப்பலில் சாப்பாடு. 1 மணி வாக்கில் நீங்களும் மகளும் ரயில். வானம் தெளிந்திருந்தால் அப்பா, அம்மா ஸ்டேகஸ்டைன் பேருந்தில் போகலாம், அது ரயிலுக்கு முன்பே திரும்பிவிடும். மேகமாக இருந்தால் அவர்கள் ஆற்றோரம் ஒரு நடை போய், ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் உட்காரலாம். 3:30-க்கு எல்லோரும் துறைமேடையில். 5 மணிக்குக் கப்பல் நகர்ந்ததும் முதலில் வலப்பக்கத் தளத்தில் நில்லுங்கள். ஓட்டர்னெஸின் கூரைகளும், அவற்றைத் தாண்டி அவுர்லாண்ட்ஸ்வாங்கனுக்கு மேலே மலையில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேகஸ்டைனும் தெரியும். அது கடந்ததும் இடப்பக்கம் மாறுங்கள். உன்ட்ரெடாலின் வீடுகள் வரும், அதற்குப் பிறகு, காலையில் நீங்கள் படகில் வெளியே வந்த நேரோயின் வாய்.